மூன்று பசுக்களும் ஒரு விசாரணைக் குழுவும்

கொமிக்ஸ் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று நம்மவர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களோடு நீண்ட வாதம் செய்ய நான் தயாரில்லை. ஐந்து படைப்போரையும் சைத்தூன் கிஸ்ஸாவையும் இராகம் போட்டுப் படித்தும், படிக்கக் கேட்டும் வளர்ந்த சமூகத்தின் பிள்ளைகள் நாம். கண்டியிலே பிறந்த சித்திலெப்பை 1885இல் அசன்பேயின் கதையை எழுதியபோது, கடத்தப்பட்ட குழந்தையையும் கடல் கடந்த பயணத்தையும் வீரதீரத்தையும் வைத்துத்தான் எழுதினார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அந்தப் பிரதி அடிப்படையில் ஒரு சாகசக் கதை. மரபு நமக்குத் தடையாக இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் பால்யத்தில் கொமிக்ஸ் என்றால் சிவகாசி. முத்து கொமிக்ஸ், லயன் கொமிக்ஸ். மூலை மடிந்து, அட்டை கிழிந்து, பத்துக் கைமாறித்தான் ஒரு புத்தகம் என்னிடம் வந்து சேரும். இரும்புக்கை மாயாவியின் உடலில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார், அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்த வயதில் என் மனசில் நின்ற வீரர் அவர்தான், அவர் தனியாள். ஒரு குழுவாகச் சேர்ந்து, நட்சத்திர மண்டலங்களுக்கிடையே நடக்கும் ஒரு யுத்தத்துக்குள் போய் விழும் வீரர்களை நான் சந்தித்தது நாற்பது வயதைக் கடந்த பிறகு.

அது 2019 மே மாதம். நோன்பு தொடங்கி ஒரு வாரம் இருக்கும். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. அறபு எழுத்துள்ள புத்தகங்களை வைத்திருப்பதா, எங்காவது ஒளித்து வைப்பதா என்று வீட்டுக்கு வீடு தடுமாற்றம். தப்ஸீர் என்றால் என்னவென்று சோதனைக்கு வரும் ஒருவருக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? அப்போதுதான் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த என் மருமகன் தன் பையிலிருந்து ஒரு ஆங்கிலக் கொமிக்ஸ் தொகுப்பை எடுத்து என் முன்னால் வைத்தான். "மாமா, இத வெச்சிக்கோங்க. இதுல அறபு ஒண்டும் இல்ல, பயப்பட வாணாம்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தராவீஹுக்குப் பிறகு தூக்கம் பிடிக்காத அந்த இரவுகளில் அதைத்தான் வாசித்தேன்.

'கிரீ–ஸ்க்ரல் யுத்தம்' என்று அழைக்கப்படும் இக்கதை, மார்வல் நிறுவனத்தின் 'அவெஞ்சர்ஸ்' சஞ்சிகையில் 89ஆம் இதழிலிருந்து 97ஆம் இதழ் வரை, 1971 ஜூன் தொடக்கம் 1972 மார்ச் வரை தொடராக வந்தது. எழுதியவர் ரோய் தோமஸ். வரைந்தவர்கள் சல் புஸேமா, நீல் அடம்ஸ், ஜோன் புஸேமா. இன்று திரையரங்குகளில் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் விண்வெளி வீரக் கதைகளுக்கெல்லாம் இது ஒரு மூலப் பிரதி. ஒரு சுப்பர் ஹீரோக் குழுவின் கதையை ஒன்பது இதழ்களுக்கு நீட்டி, பல இழைகளில் பின்னிச் சொல்வது அன்று வழமையான காரியமல்ல.

கதை இதுதான். மகெல்லன் மேகம் என்ற விண்மீன் கூட்டத்தில் கிரீ சாம்ராச்சியம். அந்திரோமேடாவில் ஸ்க்ரல் சாம்ராச்சியம். கிரீகள் படைவீரர் இனம். அவர்களுக்குள்ளேயே நீலத்தோலருக்கும் வெண்தோலருக்கும் இடையில் மேல்-கீழ் உண்டு. ஸ்க்ரல்கள் பச்சை நிறத்தவர், நினைத்த உருவத்தை எடுக்கக்கூடியவர்கள். இரண்டுக்கும் இடையிலான போரில் பூமி ஓர் இடைத்தங்கல். பூமிக்காக எவருக்கும் பூமி தேவையில்லை, அது இருக்கும் இடத்துக்காகத் தேவை. கிரீ இராணுவத்தில் இருந்து பிரிந்து பூமியின் பக்கம் நிற்கும் மார்-வெல் என்பவனைப் பாதுகாக்கப் போய் அவெஞ்சர்ஸ் குழு இந்தப் போருக்குள் இழுபடுகிறது.

இக்கதைக்கான விதை 'திஸ் ஐலண்ட் ஏர்த்' என்ற விஞ்ஞானப் புனைவு என்று தோமஸ் சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது பசுபிக் தீவுவாசிகள், தங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத இரு வல்லரசுகள் தங்கள் கரையில் இறங்கி அடித்துக்கொள்வதைப் பார்த்து நின்றார்களே, அந்த நிலைக்குப் பூமி முழுவதும் வந்தால் எப்படியிருக்கும் என்பதுதான் அதன் கற்பனை. அமெரிக்க வாசகனுக்கு இது ஒரு புதுமையான எண்ணமாக இருந்திருக்கலாம். நமக்கு அப்படியல்ல. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டது இலங்கையர்மீது கொண்ட கோபத்தினால் அல்ல. 1944இல் மவுன்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் பேராதனைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அக்குறணையிலிருந்து அது ஏறத்தாழப் பத்து மைல். தீவுவாசி என்ற சொல்லை ஓர் உவமையாக வாசிக்க எங்களால் முடியாது.

அதோடு இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் கடைவீதியை ஊடறுத்துப் போகும் ஏ-9 வீதிதான் மாத்தளை, தம்புள்ளை, வவுனியா கடந்து யாழ்ப்பாணம் வரை போகிறது. அந்த வீதியின் மறுமுனையிலிருந்த முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கு முழுவதிலுமாக எழுபதினாயிரத்துக்கும் அதிகமானோர். 2002 பெப்ரவரி 22ஆம் திகதிய யுத்தநிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இரண்டு தரப்பினர். மூன்றாவது தரப்பு ஒன்று உண்டா இல்லையா என்று பிறகு நாம் எழுதிய கட்டுரைகள் எத்தனை! இரண்டு சாம்ராச்சியங்கள் பேசும்போது பூமிக்கு மேசையில் கதிரை கிடையாது என்பதை ரோய் தோமஸிடமிருந்து கற்க வேண்டிய நிலையில் நாம் இருக்கவில்லை.

ஆனால் என்னை இந்தக் கதையில் பிடித்து நிறுத்தியது விண்வெளிப் போர் அல்ல. நீல் அடம்ஸ் வரைந்த விண்கலத் தொகுதிகள் அற்புதமானவை, ஒத்துக்கொள்கிறேன். 93ஆம் இதழில் விஷன் என்ற இயந்திர மனிதனின் உடலுக்குள் எறும்பு மனிதன் இறங்கிப் போகும் பக்கங்களை நானும் பலமுறை புரட்டினேன். என்றாலும் கதையின் இதயம் அதற்கு முந்திய 92ஆம் இதழில் இருக்கிறது. அதில் விண்வெளியே இல்லை. ஒரு அரசியல்வாதி இருக்கிறார், ஒரு விசாரணைக் குழு இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, தெருவில் ஒரு கூட்டம் இருக்கிறது.

வேற்றுக்கிரகவாசிகள் நம் நடுவே இருக்கிறார்கள் என்ற செய்தி பத்திரிகைகளில் வருகிறது. கிரடொக் என்ற அரசியல்வாதி 'வேற்றுக்கிரகத்தார் நடவடிக்கை ஆணைக்குழு' என ஒன்றை நடத்துகிறார். 1950களின் அமெரிக்காவில் மக்கார்த்தி பட்டியல் காட்டி மிரட்டியதும், 'அமெரிக்க விரோத நடவடிக்கை'களை விசாரித்த குழு எழுத்தாளரையும் நடிகரையும் கூண்டில் ஏற்றியதும் அமெரிக்க வாசகருக்கு அப்போது மறக்கவில்லை. தோமஸ் வேண்டுமென்றேதான் அந்தப் பெயரின் ஓசையை எடுத்தாள்கிறார். அவெஞ்சர்ஸ் விசாரணைக்கு அழைக்கப்படுகிறார்கள். மார்-வெல்லை மறைத்து வைத்தீர்களா? அவன் யாருக்கு விசுவாசமானவன்? அப்படியானால் நீங்கள் யாருக்கு விசுவாசமானவர்கள்? பிறகு ஒரு கூட்டம் அவர்களுடைய மாளிகைக்குள் புகுந்து உடைக்கிறது. நேற்று வரை இதே குழு உலகத்தைக் காப்பாற்றியபோது கைதட்டிய ஜனங்கள்தான் அவர்கள்.

இந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். விஷன் ஒரு செயற்கை உயிர். வாண்டாவும் பியெத்ரோவும் பிறவியிலேயே வேறுபட்டவர்கள் என்று வெறுக்கப்பட்ட மியூட்டன்ட்கள். பழைய உறுப்பினரான தோர் வேறோர் உலகத்தவர். 'சரியான மனிதர்' என்ற அளவுகோலை வைத்தால் குழுவில் பாதிப்பேர் தேறமாட்டார்கள். அதுவரை அதை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு யுத்தம் தேவைப்பட்டது.

இந்தப் பக்கங்களை நான் 2019இல் வாசித்தாலும் மனம் 2018 மார்ச்சுக்குத்தான் போனது. முதலில் அம்பாறை. பெப்ரவரி 26ஆம் திகதி, ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் உணவில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை இருந்ததாகச் சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் அடித்தார்கள். அது மாவுக்கட்டி என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் சொன்னபோது காலம் கடந்திருந்தது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் தொடக்கத்தில் இறந்துபோனார். அந்தக் கொலை ஒரு குற்றம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. மார்ச் 5ஆம் திகதி திகனயில் தீ மூண்டது. ஆறாம் திகதி அவசரகால நிலை. ஏழாம் திகதி அம்பதென்ன, அக்குறணைப் பக்கமும் வந்தார்கள். சமூக ஊடகங்களை அரசாங்கம் முடக்கியது. அவ்வன்முறையில் தனக்கிருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

மாத்திரைக் கதையை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், ஸ்க்ரல் என்ற கற்பனையின் உள்ளடக்கம் அதுதான். எதிரி வாள் எடுத்து வருவதில்லை. பக்கத்துக் கடையில் கொத்துரொட்டி போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருக்கிறான். அவன் உங்களைப் போலவே இருப்பதுதான் அவன் ஆபத்தானவன் என்பதற்கு ஆதாரம். நம் படைப்போர்களில் எதிரி எதிரியாகவே வருவான். பெயர் சொல்லி, குலம் சொல்லி, குதிரை ஏறி வருவான். ஸ்க்ரல் அப்படி வருவதில்லை. ஆகவே ஸ்க்ரலைத் தேடுபவன் அடையாளங்களைத் தேடத் தொடங்குகிறான். 2019 மே மாதத்தில் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அவருடைய உடுப்பில் அச்சிடப்பட்டிருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். பார்த்தவர்களுக்கு அது தர்மசக்கரமாகத் தெரிந்தது. கொமிக்ஸில் இப்படி ஒரு காட்சியை எழுதினால் மிகையென்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

இனி என் முறைப்பாட்டுக்கு வருகிறேன். இந்தக் கதையின் பலம் எதுவோ அதுவே அதன் தோல்வியும். கடைசி இதழில் உண்மை வெளிவருகிறது: விசாரணைக் குழுத் தலைவர் கிரடொக் தான் ஸ்க்ரல்! வேற்றுக்கிரகத்தாரைப் பிடியுங்கள் என்று கூவியவனே வேற்றுக்கிரகத்தான். அவன் உரு வெளிப்பட்டதும் கூட்டம் அவன்மீது பாய்கிறது. வாசகன் கைதட்ட வேண்டிய இடம். நானும் முதல் வாசிப்பில் உள்ளுக்குள் கைதட்டினேன், மறைக்கவில்லை. நம்மை வெறுத்தவனே அந்நியனாக அம்பலப்படுவதில் ஒரு இனிப்பு இருக்கிறது.

இரண்டாம் வாசிப்பில் அது கசந்தது. அப்படியானால் கிரடொக் சொன்னது மெய்தானே? நம் நடுவே உருமாறி ஒருவன் இருந்தான்தானே? கூட்டம் தவறியது ஆளில்தான், கொள்கையில் அல்ல என்றாகிவிடுகிறது. சந்தேகத்துக்கு எதிராக ஒன்பது இதழ்கள் வாதாடிய பிரதி, கடைசியில் சந்தேகத்தைச் சரியான விலாசத்துக்கு அனுப்பிவிட்டுக் கதையை முடிக்கிறது. அவெஞ்சர்ஸ் மாளிகையை உடைத்த கூட்டத்துக்கும் கிரடொக்கின்மேல் பாய்ந்த கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? முன்னதைப் பார்த்து நாம் பதற வேண்டும், பின்னதைப் பார்த்து ஆறுதலடைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறது கதை. மக்கார்த்தியின் குற்றம் அவர் ஒரு கம்யூனிஸ்டாக இருந்தது என்று யாராவது எழுதினால் எப்படியிருக்கும்!

இந்த இடத்தில் உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களின் சம்பவம் என் நினைவுக்கு வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. போர்க்களத்தில் கலிமாச் சொன்ன ஒருவனை, வாளுக்குப் பயந்து சொல்கிறான் என்று கருதி அவர் கொன்றுவிடுகிறார். நபி (ஸல்) அவர்கள் அவரிடம், அவனுடைய இதயத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற பொருள்படக் கேட்டார்கள். அந்த மனிதன் உண்மையில் பயந்துதான் சொன்னானா என்ற விசாரணைக்கே அங்கு இடம் வைக்கப்படவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். முனாபிக் யார் என்று தேடுகிற வேலை மனிதனுக்கு ஒப்படைக்கப்பட்டதல்ல. நம் ஊர்களில் இயக்கங்களின் பெயரால் ஒருவர் ஈமானை மற்றவர் பிளந்து பார்த்த காலங்களும் உண்டு என்பதால் இதை மற்றவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை.

தோமஸ் தான் தேர்ந்த முடிவின் சங்கடத்தை ஓரளவு உணர்ந்திருந்தார் என்றே எண்ணுகிறேன். 96ஆம் இதழில் விஷன், வாண்டாவைக் காணாத ஆத்திரத்தில் ஒரு ஸ்க்ரல் தளபதியைக் கிட்டத்தட்டச் சாகும்வரை அடிக்கிறான். உணர்ச்சியற்றவன் என்று கருதப்பட்டவன் அந்தப் பக்கத்தில் மனிதனாகிறான். மனிதனாவது என்பது அங்கே இப்படித்தான் இருக்கிறது. முழுத் தொடரிலும் மிகவும் நேர்மையான பக்கம் அது. 97ஆம் இதழில் அந்த நேர்மை கைவிடப்படுகிறது. யுத்தத்தை நிறுத்துபவன் ரிக் ஜோன்ஸ் என்ற சாதாரணப் பையன். கிரீகளின் பேரறிவு அவனுக்குள் உறங்கும் மனித இனத்தின் சக்தியை எழுப்பிவிட, அவன் தன் சிறுவயதில் கொமிக்ஸில் வாசித்த வீரர்களையெல்லாம் மனசிலிருந்து வரவழைக்கிறான். பிறகு இரண்டு படைகளையும் அப்படியே உறைய வைத்துவிடுகிறான். கொமிக்ஸ் வாசகனாக எனக்கு இது பிடித்திருக்கிறது, நானும் ஓர் இரும்புக் கையை வரவழைத்திருப்பேன். ஆனால் நடுவில் அகப்பட்ட சிறியவருக்கு இதில் விடை ஏதும் இல்லை. இரண்டு படைகளும் ஏன் உறைந்தன என்று அவர்களுக்கே தெரியாது.

ஸ்க்ரல்களின் பிறப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தலைப்பில் பசுக்கள் இருக்கின்றன. ஸ்டான் லீயும் ஜெக் கேர்பியும் 1962 ஜனவரியில் 'ஃபன்டாஸ்டிக் ஃபோர்' இரண்டாம் இதழில் இவர்களை அறிமுகப்படுத்தினார்கள். அந்தக் கதையின் முடிவில் பிடிபட்ட மூன்று ஸ்க்ரல்களை ரீட் ரிச்சர்ட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? பசுக்களாக உருமாறச் சொல்லி, தாங்கள் பசுக்கள்தான் என்று மனவசியத்தால் நம்பவைத்து, மேய்ச்சல் நிலத்தில் விட்டுவிட்டார். 1962இல் இது ஒரு பகிடி. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த மூன்று பசுக்களையும் தோமஸ் மீண்டும் கதைக்குள் கொண்டு வந்தார். அவர்கள்தான் கெப்டன் அமெரிக்காவாகவும் தோராகவும் அயன் மேனாகவும் உருவெடுத்து வந்து குழுவைக் கலைத்துவிட்டுப் போகிறார்கள். நான்காவது ஸ்க்ரல்தான் கிரடொக். ஓர் இனத்தவரை, நீங்கள் யாரென்பதை மறந்து புல் மேய்ந்துகொண்டிருந்தால் உங்களுக்கு ஆபத்தில்லை என்று விட்டுவைப்பதைப் பகிடியாகச் சொன்ன கதை அது. அந்தப் பகிடியைக் கேள்வி கேட்க மார்வலில் எவருக்கும் அப்போது தோன்றவில்லை. தோமஸுக்கும்தான்.

2001 செப்டெம்பருக்குப் பிறகு ஸ்க்ரல்கள் வேறு விதமாகத் திரும்பி வந்தார்கள். 2008இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதி லெய்னில் யூ வரைந்த 'சீக்ரட் இன்வேஷன்' எட்டு இதழ்களில் வந்தது. இப்போது ஸ்க்ரல்களுக்கு ஒரு கடவுள் இருக்கிறார், ஒரு தீர்க்கதரிசனம் இருக்கிறது, பூமி தமக்கு வாக்களிக்கப்பட்டது என்ற நம்பிக்கை இருக்கிறது. அயலவனாக, மனைவியாக, வைத்தியனாக உருமாறி ஒளிந்திருக்கும் மதநம்பிக்கையாளர்! அந்தக் கால அமெரிக்காவில் இது எந்தச் சமூகத்தை நினைவூட்டும் என்பதற்கு விளக்கவுரை வேண்டாம். ஆக்கமாக அது சாமானியமானது. முதல் இதழின் பதற்றம் மூன்றாம் இதழோடு தீர்ந்துவிடுகிறது, மிச்சம் முழுவதும் அடிபிடி. 2019 மார்ச்சில் வந்த 'கெப்டன் மார்வல்' திரைப்படம் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. அதில் ஸ்க்ரல்கள் வீடிழந்த அகதிகள், கிரீகளே துரத்துபவர்கள். நல்ல மனசோடு எடுத்த படம். நான்கே ஆண்டுகளில், 2023இல், அதே நிறுவனம் அதே அகதிகளைத் தொலைக்காட்சித் தொடரில் குண்டு வைப்பவர்களாக்கியது. அதன் முடிவில் அமெரிக்க ஜனாதிபதி, வேற்றுலகில் பிறந்த அனைவரையும் எதிரிகளாகப் பிரகடனப்படுத்துகிறார். ஆயுதமெடுத்த தனிநபர்கள் ஸ்க்ரல் என்று நினைத்து மனிதர்களையும் சுடுகிறார்கள். 1971இல் எழுதியிருக்க வேண்டிய முடிவு அது. மோசமான ஒரு தொடரின் கடைசி நிமிடங்களில் வந்து வீணாகிப்போனது.

முஸ்லிம் சுப்பர் ஹீரோ என்றால் நம்மில் பலருக்கு உடனே நினைவு வருவது குவைத்தைச் சேர்ந்த நாயிப் அல்-முதவ்வா 2006இல் தொடங்கிய 'தி 99'. அல்லாஹ்வின் திருநாமங்கள் குறிக்கும் பண்புகளை ஆளுக்கொன்றாகக் கொண்ட ஒரு வீரர் குழு அது. 2010இல் சுப்பர்மேன், பட்மேன் அடங்கிய ஜஸ்டிஸ் லீக் குழுவோடு சேர்ந்து ஆறு இதழ்களில் வந்தது. ஒரு பக்கம் ஒபாமாவின் பாராட்டு, மறுபக்கம் சவூதியில் மார்க்கத் தீர்ப்பு. சர்ச்சையை நீக்கிவிட்டு வாசித்தால் எனக்கு அலுப்பே மிஞ்சியது. அதில் எல்லோரும் நல்ல பிள்ளைகள். நற்சான்றிதழ் வாங்கப் போனவர்களைப் போல வரிசையில் நிற்கிறார்கள்.

எனக்குப் பதில் கிடைத்தது வேறிடத்தில். 2014 பெப்ரவரியில் தொடங்கிய 'மிஸ் மார்வல்' தொடரின் நாயகி கமலா கான், நியூ ஜேர்சியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பிள்ளை. இஸ்லாத்தைத் தழுவியவரான ஜீ. வில்லோ வில்சன் எழுதி, ஏட்ரியன் அல்போனா வரைந்தார். பதிப்பாசிரியர் சனா அமானத். முதல் தொகுதி 2015இல் ஹியூகோ விருது பெற்றது. இவளுக்கும் அந்தப் பழைய யுத்தத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இன்ஹியூமன்ஸ் எனப்படும் மனிதக் கிளையினர், ஸ்க்ரல்களுக்கு எதிரான ஆயுதமாகக் கிரீகள் ஆதி மனிதரில் செய்த பரிசோதனையின் விளைவு. கமலா அந்த வம்சம். யாரோ இரண்டு பேரின் சண்டைக்காக எப்போதோ செய்து வைத்த ஆயுதம் இந்தப் பிள்ளையின் இரத்தத்துக்குள் கிடந்திருக்கிறது, அவளுக்கே தெரியாமல்.

அவளுக்குக் கிடைத்த சக்தி எது? உருமாறுவது. ஐம்பது வருடங்களாக எதிரியின் அடையாளமாக இருந்த அதே சக்தி. வில்சன் இதை அறிந்து செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை, பிரதி செய்கிறது. பனிமூட்டத்துக்குள் அமீர் குஸ்ரோவின் பாடலோடு தோன்றும் வீரர்களிடம் கமலா கேட்பது, தானும் கரோல் டென்வர்ஸைப் போல ஆக வேண்டும் என்பதை. முதன்முதலில் அவள் உருமாறுவதும் அப்படித்தான், பொன்னிறத் தலைமயிரும் வெள்ளைத் தோலுமாக. அந்த உருவத்தில்தான் அவள் முதல் உயிரைக் காப்பாற்றுகிறாள். அது அவளுக்கு வசதியாக இல்லை. உடுப்பு இறுக்குகிறது, தலைமயிர் முகத்தில் விழுகிறது, தான் தானாக இல்லை என்று தோன்றுகிறது. பிறகு ஒரு புர்க்கினியை வெட்டித் தைத்துத் தனக்கான உடுப்பைச் செய்துகொள்கிறாள்.

எத்தனை பேர் இந்தப் பக்கங்களில் தங்களைக் கண்டிருப்பார்கள்! கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது பர்தாவை எப்படிக் கட்டுவது, பஸ்ஸில் தொலைபேசி அடித்தால் ஸலாம் சொல்வதா ஹலோ சொல்வதா, சிங்களத்தை எந்தளவுக்கு உச்சரிப்புச் சுத்தமாகப் பேசினால் பெயரைக் கேட்கமாட்டார்கள். உருமாறுவது நமக்குச் சதியல்ல, அன்றாடம். ஸ்க்ரலைப் பற்றி அறுபது வருடங்கள் கதை எழுதியவர்களில் ஒருவருக்காவது ஸ்க்ரலுக்குக் களைப்பாக இருக்குமே என்று தோன்றியதா? கமலாவின் கதை அந்தக் களைப்பைப் பற்றியது.

பள்ளிவாசல் ஷெய்க் வரும் இடத்தையும் சொல்ல வேண்டும். பெற்றோர் அவளை அவரிடம் அனுப்புகிறார்கள். கண்டிப்பார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அமெரிக்கக் கதைகளில் தாடி வைத்தவருக்கு வேறு வேலை இருந்ததில்லை. அவரோ, அவள் என்ன செய்கிறாள் என்று துருவிக் கேட்காமல், உதவி செய்வதாக இருந்தால் அதை முறையாகச் செய், உனக்கொரு ஆசான் வேண்டும் என்ற கருத்தில் பேசி அனுப்பிவிடுகிறார். இதயத்தைப் பிளந்து பார்க்காத ஒரு மனிதர். கிரடொக்குக்கு எதிரான பாத்திரம் இவர்தான் என்று எனக்குப் பட்டது. சில பக்கங்களே வருகிறார்.

குறையில்லாமல் இல்லை. பின்னைய இதழ்களில் கமலா மற்றக் குழுக்களின் போர்களுக்கு இழுக்கப்பட்டுச் சிதறிப் போகிறாள். நியூ ஜேர்சியின் தெருக்கள் இல்லாதபோது அவள் இன்னுமொரு வீராங்கனை, அவ்வளவுதான். 2022இல் வந்த தொலைக்காட்சித் தொடர் 1947 பிரிவினையின் ரயில் நிலையத்தை அழகாகக் காட்டியது, ஆனால் அவளுடைய உருமாறும் சக்தியைப் பறித்துவிட்டு ஒரு காப்பையும் ஒளிக்கற்றைகளையும் கொடுத்தது. கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. கையைக் காலை நீட்டிப் பருத்துச் சிறுத்து உருமாறும் பெண் திரையில் அசிங்கமாகத் தெரிவாள் என்று நினைத்தார்களோ என்னவோ. அந்த அசிங்கத்தில்தான் கதை இருந்தது.

என் மகள் தொடரை முதலில் பார்த்துவிட்டுப் பிறகுதான் கொமிக்ஸை வாசித்தாள். அதன் பிறகு கிரீ–ஸ்க்ரல் யுத்தத் தொகுப்பையும் எடுத்தாள். கிரடொக் அம்பலமாகும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் கேட்ட கேள்வி இது: "வாப்பா, இவர அடிக்கிற ஆக்கள்ல எத்தின பேர் ஸ்க்ரல்ண்டு இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை வாசித்திருந்தேன். கூட்டத்தின் முகங்களை அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.